பச்சை நூல் கட்டிய புட்டி

பிப்ரவரி 3

அன்புள்ள சகலை மேஸ்திரி அவர்களுக்கு,

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வரி நேராகப் போகவில்லை. மேலே ஏறுகிறது, திடீரென்று கீழே விழுகிறது. ஓர் இடத்தில் 'ழ' போடும்போது பேனா சிக்கித் தாள் கிழிந்துவிட்டது. எழுபத்திரண்டு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. ஆள் வைத்து எழுதவில்லை, நானே எழுதுகிறேன். நம்பாவிட்டால் என் சம்சாரத்திடம் போனில் கேளுங்கள். "நாலு வரிக்கு நாலு நாளா?" என்று பக்கத்திலேயே உட்கார்ந்து திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நானும் இவளும் நலம். மகள் வீட்டில் நீங்களும் என் கொழுந்தியாளும் நலமா? உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? அக்காவும் தங்கையும் போனைப் பிடித்தால் நமக்கு முறை வருவதே இல்லை. அதனால் இனிமேல் கடிதம்தான்.

தையற்காரம்மா கடையில் மாலை ஐந்து மணிக்குப் பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பு. மிஷின்களுக்கு நடுவே பாய் விரித்துப் பதினொரு பேர் உட்காருகிறோம். முடிவெட்டுகிறவர், பஸ் கழுவும் பெண்கள், மீன்காரம்மா, இப்படி. நான்தான் மூத்தவன். நான்தான் முதலில் முடித்துச் சிலேட்டைத் தூக்கிக் காட்டுகிறவனும்.

நம் பசை ஆலை வாசலில் ஒரு பெரிய பலகை உண்டே. முப்பத்தொரு வருடம் அதன் கீழே நடந்தேன். கம்பெனிப் பேர் என்று நினைத்திருந்தேன். போன வாரம் நின்று எழுத்துக் கூட்டினேன். 'இங்கே எச்சில் துப்பாதீர்.' மேஸ்திரி, தினமும் சரியாக அந்த இடத்தில்தானே நான் துப்புவேன்!

இன்னொன்று. பாடப் புத்தகம் கொடுத்ததும் எல்லாரும் பிரித்துப் படம் பார்த்தார்கள். நான் அதன் முதுகை மோந்து பார்த்தேன். நம் பசையேதான். எலும்பும் தோல் துண்டும் வெந்த வாடை, அதற்குப் பின்னால் லேசாகச் சுண்ணாம்பு. மீன்காரம்மா, "என்னய்யா, திங்கப் போறியா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, குமட்டவும் செய்தது.

கழிவுநீர் மடையைத் திறந்து மூடுகிறவன் என்று ஆலையில் எனக்கு வைத்த பேரையே கீழே எழுதுகிறேன். சிரித்துக்கொண்டுதான் வைத்தீர்கள், தெரியும். இப்போது அதை எழுதத் தெரிந்தவன் நான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சகலை,
மடையண்ணன்

*

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு அனைவரும் நலம். முழங்கால் மட்டும் நலமில்லை. அக்காவின் வயிறு இப்போது எப்படி? மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு தடவை விஷயத்துக்கு, இரண்டு தடவை அது என்ன எழுத்து என்று கண்டுபிடிக்க. உங்கள் கொழுந்தியாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மடையண்ணன் பேனா பிடித்துவிட்டார் என்றால் இனி என்னவெல்லாம் நடக்குமோ!

எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் காற்று வருகிறது, வாடை வருவதில்லை. குழாயில் வரும் தண்ணீரைச் சுவரில் மாட்டிய ஒரு பெட்டி மறுபடி சுத்தம் செய்து தருகிறது. இருபத்தாறு வருடம் அந்த நாற்றத்தில் உழைத்ததற்கு இப்போதுதான் நல்ல மூச்சு விடுகிறேன்.

நிறைய எழுதுங்கள். 'ழ'வில் அவ்வளவு அழுத்தம் வேண்டாம்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

அன்புடன்,
மேஸ்திரி

*

மார்ச் 12

அன்புள்ள சகலைக்கு,

நலம். உங்கள் கடிதத்தை நானே படித்தேன். முதல் பக்கம் ஒரு மாலை, இரண்டாம் பக்கம் ஒரு மாலை. இவளுடைய வயிறு வழக்கம்போலத்தான், வாரத்தில் இரண்டு நாள் சுருட்டிப் பிடிக்கிறது. உங்கள் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

வகுப்பில் ஒரு சண்டை. தையற்காரம்மா பலகையில் எழுதினார்: 'ஆறு நமக்கு நீர் தருகிறது. மரம் நமக்கு நிழல் தருகிறது. பசு நமக்குப் பால் தருகிறது.' எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தோம். மீன்காரம்மா மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"பசு எங்க தந்துச்சு? கன்னுக்குட்டியை இழுத்துக் கட்டிட்டு நாமதான் கறந்துக்கிறோம்."

முடிவெட்டுகிறவர் விடுவாரா? "மனுஷனுக்காகத்தானே எல்லாத்தையும் படைச்சு வச்சிருக்கு. பின்ன ஆறு எதுக்கு, படம் புடிச்சுச் சுவத்துல மாட்டவா?"

"படைச்சவன் உன் கடைக்கு வந்து முடி வெட்டிக்கிட்டுச் சொல்லிட்டுப் போனானா?"

தையற்காரம்மா அளவு நாடாவால் மிஷினைத் தட்டினார். "நமக்கு வந்ததை நாம கிழிக்காம அடுத்தவங்க கையில கொடுக்கணும், அவ்வளவுதான். தைக்கக் கொடுத்த துணியைக் கண்டபடி வெட்டிப் போட்டா என்னை விடுவாங்களா?"

"துணிக்குச் சொந்தக்காரன் இருக்கான். ஆத்துக்கு யாரும்மா சொந்தக்காரன்?" என்றார் முடிவெட்டுகிறவர்.

"அதுக்குள்ள இருக்கறதுங்க," என்றாள் மீன்காரம்மா. "இருந்ததுங்க."

எனக்கு அன்று 'று' அழகாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன்.

இன்னொரு விஷயம். வீட்டில் இருந்த எழுத்தெல்லாம் படித்துத் தீர்த்துவிட்டேன். சோப்பு உறை, தீப்பெட்டி, காலண்டர், மாத்திரை அட்டை. கடைசியில் பரணில் ஒரு கண்ணாடிப் புட்டி கிடைத்தது. இவள் அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். கழுத்தில் பச்சை நூல்.

உங்களுக்கு நினைவிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தண்ணீரைச் சோதிக்கும் ஆபீசர் வருவார். மேனேஜர் அறையில் உட்கார்ந்து டீ குடிப்பார். எனக்குப் படிக்கத் தெரியாததால் எந்தப் புட்டி என்று தெரிய நீங்கள் நூல் கட்டித் தருவீர்கள். "பச்சை நூலை மேல்கிணத்துல ரொப்பிட்டு வாங்கண்ணே." ஆலைக்கு மேலே மேட்டில் இருக்கும் கம்பெனிக் கிணறு. ரொப்பிக்கொண்டு வருவேன், புட்டியில் ஒட்டிய தாளில் பெருவிரலை வைப்பேன், ஆபீசர் பெட்டியில் வைத்துக்கொண்டு போவார். கிணற்றுத் தண்ணீரைத்தான் சோதிக்கிறார்கள் போல என்று இருந்தேன். ஒருமுறை மை அதிகமாகி ரேகை அப்பிவிட்டது என்று ஒதுக்கிய புட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதுதான் இது.

தாளில் உள்ளதை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுகிறேன்: 'ஆலைக் கழிவுநீர். ஆற்றில் சேரும் மடைவாயில் எடுத்தது. எடுத்தவர் கைரேகை.' அதன் கீழே என் பெருவிரல், நசுங்கிய வண்டு மாதிரி.

கிணற்றுத் தண்ணீர்ப் புட்டிக்கு இந்தத் தாள் எப்படி வந்தது? யாராவது மாற்றி ஒட்டிவிட்டார்களா? தாள் ஒட்டுவதும் நூல் கட்டுவதும் நீங்கள்தான் என்பதால் கேட்கிறேன்.

பதில் எழுதுங்கள். கொழுந்தியாளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

மடையண்ணன்

*

ஏப்ரல் 16

அன்புள்ள சகலைக்கு,

நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று நினைக்கிறேன். போனில் தங்கையிடம் கேட்டால் நீங்கள் நன்றாகத்தான் இருக்கிறீர்களாம், தினமும் நடக்கப் போகிறீர்களாம். சந்தோஷம். இங்கே நாங்கள் நலம்.

ஓய்வு பெற்று ஆறு வருடத்துக்குப் பிறகு நேற்று மடைவாய்க்குப் போனேன். கையில் சிலேட்டையும் கொண்டுபோனேன். பார்ப்பதையெல்லாம் எழுதிப் பழகலாம் என்று ஓர் ஆசை. எழுதினேன். கேளுங்கள்.

கொழுப்பு தண்ணீரின் மேல் தோல் மாதிரி உறைந்து கிடக்கிறது. சாம்பல் நிறம். நடுவில் கொப்புளம் எழும்பி, மெதுவாக உடைந்து, உள்ளே இருந்து ஓர் ஏப்பம் வருகிறது. வெந்த மாட்டு மயிர் கொத்துக் கொத்தாக மிதக்கிறது. கரையோரம் நுரை, புண்ணிலிருந்து வடிவது போல மஞ்சளாக. காய்ந்த இடத்தில் அது பொருக்குத் தட்டியிருக்கிறது. குச்சியால் அந்தப் பொருக்கைத் தூக்கிப் பார்த்தேன். கீழே புழுக்கள், உலையில் அரிசி கொதிப்பது போல. ஒரு நாய் தாகத்தில் வந்தது. மோந்தது. முன்காலைப் பின்னால் எடுத்து வைத்துக்கொண்டு போய்விட்டது.

எனக்கு வாய் நிறைய எச்சில் ஊறியது. துப்ப இடம் தேடினேன். அந்த இடத்தில் துப்பினால் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனாலும் முடியவில்லை. விழுங்கினேன்.

முப்பத்தொரு வருடம் அங்கே நின்று சாப்பிட்டிருக்கிறேன். எப்படி என்று இப்போது தெரியவில்லை.

விலாங்குகள் நினைவிருக்கிறதா? ஆலைச் சங்கு ஊதியதும் நான் மடையைத் திறப்பேன், கொஞ்ச நேரத்தில் கரையேறும். ஈரப் புல்லில் வாயைத் திறந்து திறந்து நெளியும். "பாவம், வழி தவறி வந்துடுச்சுங்க" என்று மண்வெட்டியால் அள்ளி மறுபடி ஆற்றில் போடுவேன். "அண்ணனுக்கு இளகின மனசு" என்று நீங்கள்கூடச் சொல்வீர்கள். ஒரு நாள் ஒன்று மூன்று தடவை ஏறி வந்தது. தடித்தது, கழுத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. மூன்று தடவையும் போட்டேன். நாலாவது தடவை வரவில்லை. வீடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

இதை வகுப்பில் பெருமையாகச் சொன்னேன். மீன்காரம்மா சிரிக்கவில்லை. "அது மூச்சு விட வெளியே வந்திருக்கும்யா," என்றாள்.

புட்டி பற்றிக் கேட்டிருந்தேன். தாள் மாறியது எப்படி என்று எழுதுங்கள்.

உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மடையண்ணன்

*

மே 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. லிப்ட் பழுதாகி நான்கு நாள் ஒன்பது மாடியும் படியேறினோம். முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம். அக்காவின் வயிறு எப்படி? தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள், நான் சொன்னதாக அழுத்திச் சொல்லுங்கள்.

மடைவாயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு எழுத வருகிறது அண்ணே, எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். மனிதன் பிறந்த நாளிலிருந்து எதையாவது அழுக்காக்கித்தான் வாழ்கிறான். குளித்தாலே அழுக்கு ஓர் இடத்துக்குப் போயாக வேண்டும். ஆறு எதற்கு ஓடுகிறது? எடுத்துக்கொண்டு போகத்தான். அது கடலுக்குப் போகிறது, கடல் எவ்வளவு பெரிது! செத்த மாட்டின் எலும்பு வயலில் கிடந்து நாறினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். நாம் அதை வேகவைத்துப் பசையாக்கி நாற்காலிக்கும் பெட்டிக்கும் கொடுத்தோம். நீங்கள் படிக்கும் புத்தகமே நம் பசையில்தான் நிற்கிறது. அது இல்லையென்றால் உங்கள் 'ழ' தாள் தாளாகப் பறந்துபோயிருக்கும். விலாங்குக்கு மூச்சு முட்டியது என்கிறீர்கள். முந்நூறு வீட்டில் அடுப்பு எரிந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனிதன் முதலில், மற்றதெல்லாம் பிறகு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மகள் என்னைப் பார்க்கில் நடக்கிறவர்கள் குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறாள். அங்கே சிமெண்ட் பெஞ்சு, வெட்டிவிட்ட செடி, எல்லாம் சுத்தம்.

பழைய புட்டிகளை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணாடி உடைந்தால் அக்காவின் காலைக் கிழிக்கும்.

அன்புடன்,
மேஸ்திரி

*

மே 30

அன்புள்ள சகலைக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வெயில் இருக்கிறது, லிப்ட் இருக்கிறது, கடல்கூட இருக்கிறது. நான் இரண்டு தடவை கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. கடைசி வரியில் புட்டியை எறிந்துவிடச் சொல்லியிருக்கிறீர்கள். எறியவில்லை. இவளுக்குக் காலில் செருப்பு இருக்கிறது.

படிக்கத் தெரிந்ததும் ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது, எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உங்கள் இரண்டு கடிதத்திலும் அக்காவின் வயிறு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நேரில் இருந்தபோதும் கேட்பீர்கள். எவ்வளவு அக்கறை என்று நினைப்பேன். தங்கையின் வயிறு எப்படி என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றியதில்லை. அவளுக்கு வயிற்றில் ஒன்றும் வந்ததில்லையே.

உங்கள் சைக்கிளின் பின்னால் ஒரு வெள்ளைக் கேன் இருக்கும். வேலை முடிந்ததும் மேட்டுக்கு ஏறி மேல்கிணற்றில் நிரப்பிக் கட்டிக்கொண்டு போவீர்கள். "நமக்குப் பம்புத் தண்ணி ஒத்துக்காது அண்ணே, சின்ன வயசுலேருந்தே அப்படி" என்றீர்கள். நம்பினேன். உங்கள் வீட்டுக்கு வந்தால் அந்தத் தண்ணீரைக் கொடுப்பாள் கொழுந்தியாள். இனிப்பாக இருக்கும். இரண்டு தம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பேன். பிறகு எங்கள் கீழ்த்தெருவுக்குப் போய் ஆற்றோரப் பம்பில் அடித்து இவளுக்குக் கொடுப்பேன்.

தெருமுனையில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். நானே படித்தேன். நிற்கிறவர்கள் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன், அதில் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். பாதிக்கு மேல் எனக்குள்ளேயே படித்தேன். ஆலை இரண்டாவது மடை வெட்டப் போகிறது, மேலே ஆற்று வளைவில், மீன் மிச்சமிருக்கும் அந்த ஒரே ஆழமான மடுவுக்குப் பக்கத்தில். 'பதினெட்டு வருடச் சோதனைகளில் கழிவுநீர் தூய்மையாக இருப்பது உறுதியானதால்' என்று எழுதியிருந்தது. ஆட்சேபம் இருப்பவர்கள் ஜூலை எட்டாம் தேதி கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சொல்லலாமாம்.

பதினெட்டு வருடம். எல்லாம் நான் ஓய்வு பெறும்வரை எடுத்தவை. வருடத்துக்கு நாலு புட்டி. அத்தனையிலும் என் விரல்.

எதுவும் இல்லாவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

மடையண்ணன்

*

ஜூன் 6

அண்ணே,

கூட்டத்துக்குப் போக வேண்டாம். வயதானவர், வெயில், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

கூப்பிட்டுக் கேட்டால் சுருக்கமாகச் சொல்லுங்கள். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, கொடுத்த இடத்தில் கைநாட்டு வைத்தேன், கிணறா மடையா என்று ஞாபகம் இல்லை. இது போதும். படிக்காதவனை யாரும் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் உங்களுக்குக் காவல். நூலைப் பற்றி வாயைத் திறக்க வேண்டாம்.

நான் கட்டாவிட்டால் வேறொருவன் கட்டியிருப்பான். மேனேஜர் சொன்னார், கட்டினேன். என் வீட்டுக்கு நான் தண்ணீர் கொண்டுபோனேன், யார்தான் கொண்டுபோகமாட்டான்? உங்களுக்கும் ஒரு கேன் கொண்டுவர எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். கொண்டுவந்தால் ஏன் என்று கேட்பீர்கள். என்ன சொல்வது?

அக்காவும் தங்கையும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஒரு விலாங்குக்காக அவர்களைப் பிரித்துவிடாதீர்கள். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

மேஸ்திரி

*

ஜூலை 14

அன்புள்ள சகலைக்கு,

நீங்களும் கொழுந்தியாளும் நலமாக இருக்க வேண்டும். போன கடிதத்தில் நீங்கள் எங்களை விசாரிக்கவில்லை. இவளுடைய வயிற்றைக்கூட.

அந்தக் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனால் எதையும் வேகமாகத் தாண்டிப் போக முடியாது. 'உங்களுக்கும் ஒரு கேன்' என்ற வரிக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று தெரியுமா? இவள் எழுந்து போய்க் குடத்தை அப்படியே கவிழ்த்தாள். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை. பிறகு அதே பம்புக்குப் போய் அதே குடத்தில் அடித்துக்கொண்டு வந்தாள்.

கூட்டத்துக்குப் போனேன். பள்ளிக்கூட மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, நாலு மின்விசிறியில் இரண்டு சுற்றியது. புது ஆபீசர் ஒரு பெண், முப்பது வயது இருக்கும், மரியாதையாகப் பேசினார். "ஒரு லிட்டர் தண்ணியில இந்த அளவு வரைக்கும் கலக்கலாம்னு கணக்கு இருக்கு. அதுக்கு மேல போனாத்தான் தப்பு," என்றார்.

மீன்காரம்மா எழுந்தாள். "உன் சோத்துல எந்த அளவு வரைக்கும் கலக்கலாம், தாயி?"

மண்டபம் சிரித்தது. மேனேஜர் சிரிக்காமல் பதினெட்டு வருட அறிக்கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். தடிமனான கட்டு. முதுகில் பசை. நான் இருந்த இடத்துக்கு வாடை வந்தது.

புட்டியோடு எழுந்து போனேன். இந்தப் புட்டியில் நான் அன்று ரொப்பியது மடைத் தண்ணீர் இல்லை, மேல்கிணற்றுத் தண்ணீர், பதினெட்டு வருடமும் அதைத்தான் கொடுத்தேன் என்றேன். மேனேஜர், "பெரியவரே, யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்லாதீங்க" என்றார். "படிக்கத்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றேன்.

ஆபீசர் என்னை உட்காரச் சொன்னார். நல்ல பெண். எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார், நீங்கள் எழுதியிருந்த அதே கதவு. "அப்ப உங்களுக்குப் படிக்கத் தெரியாது. தாள்ல என்ன இருக்குன்னு தெரியாமத்தான் கைரேகை வச்சீங்க. அப்படித்தானே?"

ஆமாம் என்றால் முடிந்தது. வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"தாள்ல இருந்தது தெரியாது," என்றேன். "ஆத்துல இருந்தது தெரியும். மூக்கு இருந்துச்சும்மா. மடையில கால் பட்டா வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி மூணு தடவை கழுவுவேன். என் சம்சாரத்தை ஆத்துப் பக்கம் துணி துவைக்க விடமாட்டேன். மழை பேஞ்சா பம்புத் தண்ணியில அதே வாடை வரும். துணியால மூடி வச்சு, படிஞ்சா சரியாயிடும்னு அவகிட்டச் சொல்லுவேன். அவ குடிப்பா. ஆபீசர் வந்தா மடையை விட்டுட்டு ஏன் மேட்டுக்கு அனுப்புறாங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. கேட்டா மடைவேலை போயிடும். விலாங்கு வெளியே வந்ததும் அதுக்குள்ள இருக்க முடியாமத்தான். நான் பார்த்துட்டே மண்வெட்டியால திருப்பிப் போட்டேன். பாவம்னு சொல்லிக்கிட்டே போட்டேன்."

ஆபீசர் பேனாவைப் பார்த்தார். "புட்டிக்கு நூல் கட்டினது யாரு?"

சகலை, அந்த இடத்தில் இவளைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை ஆட்டவும் இல்லை, அசைக்கவும் இல்லை.

"என் சகலை," என்றேன். "நான் ரொப்பினேன், அவர் கட்டினார்." உங்கள் பேரையும் சொன்னேன்.

நான் சொன்னதை எழுதி முடித்ததும் குமாஸ்தா பழக்கத்தில் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். அந்த ஊதா மையைப் பார்த்ததும் மடைவாயைப் பார்த்த மாதிரியே வாய் நிறைய எச்சில் ஊறியது. பேனா கேட்டேன். என் பேரை முழுதாக எழுதினேன். வரி மேலே ஏறித்தான் போயிற்று. அவ்வளவு அருவருப்புக்கு நடுவிலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எழுத்து நன்றாக வந்ததில் ஒரு துளி சந்தோஷம்.

வெளியே வந்தபோது ஆலைக் கேண்டீன்காரர் என் காலடியில் துப்பினார். அவர் மகன் அங்கேதான் வேலை செய்கிறான். நியாயம்தான், எங்கே துப்பக் கூடாது என்று அவருக்கும் யாரும் படித்துக் காட்டவில்லை.

மடுப் பக்கம் வெட்டுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். தண்ணீரை இனி அவர்களே வந்து எடுப்பார்களாம். பழைய மடை நேற்றும் சங்கு ஊதியதும் திறந்தது.

உங்களைத் தேடி ஆபீசிலிருந்து தாள் வரும். என்னிடமிருந்து முதலில் தெரியட்டும் என்றே எழுதுகிறேன். முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

மடையண்ணன்

*

ஆகஸ்ட் 18

அத்தானுக்கு,

நமஸ்காரம். அவருக்குத் தாள் வந்துவிட்டது. விசாரணைக்குப் போய் வந்தார். உங்கள் கடிதம் வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைக்கிறார். கிழிக்கவில்லை.

அக்கா ஒரு மாதமாகப் போனை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லாதீர்கள். எனக்கும் பேச வாய் இல்லை. அந்தக் கேனைத் தினமும் கழுவி வைத்தவள் நான். எத்தனையோ நாள் அக்கா வந்து என் சமையலறையில் உட்கார்ந்து, "உன் வீட்டுத் தண்ணி மட்டும் எப்படிடி இப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். சிரித்துவிட்டு இன்னொரு தம்ளர் ஊற்றுவேன். ஒரு குடம் கொடுத்து அனுப்பியதில்லை.

அவளுடைய வயிறு எப்படி என்று நான் கேட்கலாமா?

*

ஆகஸ்ட் 29

அன்புள்ள சகலைக்கு,

நலம். நீங்கள் நலமா என்று கேட்கிறேன். அலமாரியில் இருந்தாலும் கேள்வி கேள்விதான். கொழுந்தியாளின் கடிதத்தை இவளுக்குப் படித்தேன். கடைசி வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு கடிதத்தை வாங்கி, எழுத்துத் தெரியாவிட்டாலும், அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "நான் எழுதிக்கிறேன்" என்றாள். திங்கட்கிழமையிலிருந்து வகுப்புக்கு வருகிறாள். என் பக்கத்தில் உட்காராமல் மீன்காரம்மா பக்கத்தில் போய் உட்காருகிறாள்.

மேல்கிணற்றுத் தண்ணீரை ஊருக்கு விட மேனேஜர் முடியாது என்றுவிட்டார். நானும் முடிவெட்டுகிறவரும் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாயிலிருந்து சைக்கிளில் கொண்டுவருகிறோம். அவர் இன்னும், "ஆறு மனுஷனுக்குத்தான், அதனாலதான் அதைச் சுத்தமா வைக்கணும்" என்கிறார். மீன்காரம்மா, "நீ சுத்தமா வை, அப்புறம் யாருக்குன்னு சண்டை போடலாம்" என்கிறாள். யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. நாறுகிறது என்பது தெரியும். அதைச் செய்த கை எது என்பதும் தெரியும்.

சங்கு ஊதும் நேரத்துக்கு மடைவாய்க்குப் போகிறேன். மூக்கில் துணி கட்டுவதில்லை, கட்டக் கூடாது என்று வைத்திருக்கிறேன். விலாங்குகள் இப்போது அதிகம் வருவதில்லை. வாரத்தில் ஒன்றோ இரண்டோ கரையேறுகிறது, உடம்பெல்லாம் அந்தக் கொழுப்பு அப்பிக்கொண்டு. தொட்டால் கை கூசுகிறது, அழுகிய குடலைப் பிடிப்பது போல. நனைத்த சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேலே வளைவுக்கு நடக்கிறேன். அரை மணி நேரம் ஆகிறது. சாக்குக்குள் அது அசையும்போது முதுகு சில்லிடுகிறது. மடுவில் விட்டால் கொஞ்ச நேரம் செத்தது போல் மிதக்கும். பிறகு ஒரு சுழி, அவ்வளவுதான். இதுவரை ஏழு. இரண்டு செத்துவிட்டன. முப்பத்தொரு வருடம் உள்ளே தள்ளியதற்கு இது எதுவும் இல்லை. குளித்த பிறகும் கையில் வாடை போகவில்லை. இந்தத் தாளிலும் இருக்கும்.

கடிதத்தை இதோடு முடித்து, உறையை நாக்கில் தடவி ஒட்டப் போனேன். உறையின் ஓரத்துப் பசை நாக்கில் பட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் இப்படித்தான் ஒட்டினேன் என்பதே இப்போதுதான் உறைத்தது. அதனால் தையற்காரம்மாவிடம் நூல் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், எழுதி முடித்ததும் உறையைத் தைத்துவிடுவேன். அவர் டப்பாவில் மேலே கிடந்தது பச்சை. வேண்டுமென்று எடுக்கவில்லை, வேண்டாம் என்று மாற்றவும் இல்லை. ஆனால் இந்த உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறதோ, அதுதான் உள்ளே இருக்கிறது. பிரித்துச் சோதித்துக்கொள்ளலாம்.

கொழுந்தியாளுக்கு இவள் எழுத இன்னும் நாளாகும், இப்போதுதான் 'அ' முடித்திருக்கிறாள். அதுவரை இவள் வயிறு எப்படி இருக்கிறது என்பதையும் நானே சொல்கிறேன். இந்த வாரம் ஒரு நாள்தான் வலித்தது. அடுத்த வாரம் எத்தனை நாள் என்று அடுத்த வியாழக்கிழமை உட்கார்ந்து எழுதுகிறேன்.

மடையண்ணன்